இளங்கொடிச் சாக்கு

முதல் அடி பாயின் முழங்கையில் விழுந்தது. காய்ந்த சவுக்கு விறகை முட்டியில் வைத்து ஒடிப்போமே, அந்தச் சத்தம். அவர் அப்போது ஆலமரத்தின் விழுது ஒன்றில் காலை வைத்து ஏறி நின்றுகொண்டிருந்தார். ஒரு கை கிளையைப் பிடித்திருந்தது, இன்னொரு கை சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தது. கீழே இருந்து ஒருத்தன் இரும்புக் குழாயை வீசினான். கிளையைப் பிடித்திருந்த கை போயிற்று. சாக்கோடு சேர்ந்து அவரும் கீழே விழுந்தார்.

எங்கள் சடையங்குப்பத்தில் இதை நாலு விதமாகச் சொல்கிறார்கள். பாய் மாடு கடத்தினார், மாட்டிக்கொண்டார் என்று ஒரு பேச்சு. கறி ஏற்றிக்கொண்டு வந்தார் என்று ஒரு பேச்சு. ரோட்டில் ஏதோ இடித்துத் தகராறு என்றும் சொல்கிறார்கள். கூட இருந்தவள் நான். மாடு என்னுடையது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அந்த வருஷம் மழை வெள்ளத்தில் எங்கள் கொட்டகைக்குள் மார்பு மட்டம் தண்ணீர் வந்து, கட்டியிருந்த மாடுகள் கட்டிய இடத்திலேயே செத்தன. பால் ஊற்றித்தான் வீடு நடக்கிறது. எங்கள் வீட்டுக்காரர் கன்டெய்னர் யார்டில் வேலை, அந்தச் சம்பளம் வாடகைக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் சரியாகப் போய்விடும். கோயிலுக்கு அபிஷேகப் பாலும் நான்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். கொட்டகை காலியாகக் கிடந்தபோது அம்மன் முன்னாடி போய் நிற்கவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. நகையை அடகு வைத்துவிட்டு, நெல்லூர்ப் பக்கத்துச் சந்தையில் ஒரு மாடு பிடிக்கலாம் என்று கிளம்பினேன்.

பாய் ராயபுரத்துக்காரர். சின்ன லாரி வைத்திருந்தார். மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் கட்டி லோடு அடிப்பார், சந்தை நாளில் மாடு ஏற்றுவார். எனக்கு அதற்கு முன்னால் மாடு கொண்டுவந்து இறக்கியவரும் அவர்தான். நான் வண்டிக்குக் கற்பூரம் காட்டி முடிக்கிற வரைக்கும் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருப்பார். எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் அவரே வைப்பார்.

அன்றைக்குப் போகும்போது வழியெல்லாம் சட்டம் பேசிக்கொண்டே வந்தார். "ஒரு ஸ்டேட்ல இருந்து இன்னொரு ஸ்டேட்டுக்கு மாட்டை எட்தாரணும்னா இன்னா இன்னா வேணும் தெரியுமா? வித்தவன் ரசீது. டாக்டர் சர்ட்டிபிகேட். வண்டில தடுப்பு கட்டணும். கால் வழுக்காம வைக்கோல் போடணும். தண்ணி, தீனி, மருந்துப் பொட்டி. மாடு நிக்கவும் எடம், படுக்கவும் எடம். எனக்கு இந்த சீட்ல முதுவு சாய எடம் கீதா பாரு. அடுத்த ஜென்மத்துல மாடாப் பொறக்கணும்மா."

"உங்களுக்குத்தான் அடுத்த ஜென்மம் கிடையாதே பாய்."

"அதான் பேஜாரு" என்றார்.

சந்தையில் ஒரு கறுப்பு மாடு கண்ணில் பட்டது. நெற்றியில் வெள்ளை. விற்கிறவன் ஏழு மாசச் செனை என்றான். எனக்கு மடியைப் பார்த்ததும் சந்தேகம். ஏழு மாசத்து மடி அப்படி இறங்காது. அவன் அந்த மாட்டின் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணினான். மாட்டு டாக்டரும் வந்து பார்த்தார். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், காலைப் பார்த்தார். கைவிட்டுப் பார்க்கவில்லை. ஒரு மாடு, ஏழு மாசச் செனை, பயணம் போகலாம் என்று எழுதிக் கொடுத்தார். நிறைமாசமாக இருந்தால் வண்டியில் ஏற்றக்கூடாது என்பது சட்டம். ஏழு மாசம் என்றால் ஏற்றலாம். நான் கும்பிட்டுவிட்டு ஏற்றினேன்.

எல்லைச் சோதனைச் சாவடியில் காகிதத்தைப் பார்த்தார்கள், மாட்டைப் பார்த்தார்கள், போகச் சொன்னார்கள். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் வந்திருப்போம். நான் பின்னால் மாட்டுப் பக்கத்தில் வைக்கோல் மேல் உட்கார்ந்திருந்தேன். மாடு காலை மடக்கிப் படுத்தது. முக்கியது. பனிக்குடம் உடைந்து என் புடவையெல்லாம் நனைந்தது. நான் கேபினைத் தட்டினேன்.

பாய் வண்டியை ரோட்டோரத்து ஆலமரத்து நிழலில் கொண்டுபோய் நிறுத்தி, பின்கதவைத் திறந்து பார்த்தார். "ஏழு மாசம்னு சொன்னவன் வாயில மண்ணு" என்றார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே ஏறிவிட்டார்.

கன்றின் முன்னங்கால் ரெண்டும் வெளியே வந்து நின்றுவிட்டது. தலை வரவில்லை. மாடு அலறிய அலறலில் ரோட்டில் போகிற லாரிக்காரர்களே திரும்பிப் பார்த்தார்கள். நான் ஒரு காலும் அவர் ஒரு காலுமாகப் பிடித்து, மாடு முக்கும்போதெல்லாம் இழுத்தோம். வழுக்கியது. அவர் தோளில் கிடந்த துண்டைச் சுற்றிப் பிடித்து இழுத்தார். மாட்டுக்குக் கிழிந்து ரத்தம் கொட்டியது. கன்று வந்து விழுந்தபோது அவர் சட்டை, லுங்கி, தாடி எல்லாம் ரத்தம். கன்று மூச்சு விடவில்லை. அதன் மூக்கில் இருந்த சளியை விரலால் வழித்துப் போட்டு, வாயை வைத்து ஊதினார். அது தும்மியது. கிடேரிக் கன்று.

நான் அழுதுவிட்டேன். பால் வடியும் மரத்தடியில் என் மாடு கன்று போட்டிருக்கிறது, இதைவிட என்ன வேணும் என்று அம்மனை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அது ஏன் என்று சொல்ல வேண்டும். மாடு கன்று போட்டபிறகு இளங்கொடி விழும். பிள்ளை பெற்றவளுக்கு நஞ்சு விழுகிறதே, அது. அதை வைக்கோலில் சுற்றி, பழைய சாக்கில் வைத்துக் கட்டி, ஆலமரம் மாதிரி பால் வடிகிற மரத்தில் தொங்கவிட வேண்டும். அப்போதுதான் மாட்டுக்குப் பால் ஊறும். நாய் தின்றால் மடி வற்றிவிடும். எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தான் செய்வோம். மாடு வைத்திருக்கிற எல்லார் வீட்டிலும் அப்படித்தான்.

வெயில் ஏறிய பிறகுதான் கொடி விழுந்தது. மாடு கன்றை நக்கிக்கொண்டிருந்தது. நான் கொடியை வைக்கோலில் சுற்றிச் சாக்கில் போட்டேன்.

"இங்கியே கட்டிடலாம்மா. மரம்தான் கீதே. சடையங்குப்பம் வரைக்கும் நாறிக்கினு போவணுமா?" என்றார் பாய்.

"நான் கட்டிடறேன், குடுங்க."

"புடவையைக் கட்டிக்கினு நீ மரம் ஏறப் போறியா? கன்னைப் பார்த்துக்க போ." சாக்கை வாங்கிக்கொண்டு அவர் ஏறினார்.

அப்போதுதான் பைக்குகள் வந்து நின்றன.

அவர்கள் பார்த்தது இதுதான். ஒரு மாட்டு வண்டி. தாடி வைத்த ஒரு மனுஷன், உடம்பெல்லாம் ரத்தம். கையில் ரத்தம் சொட்டுகிற சாக்கு. நான் வண்டிக்குள் கன்றோடு குனிந்திருந்ததால் அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

"யோவ், உன் பேரு இன்னாய்யா?"

பாய் முடிச்சுப் போடுகிற மும்முரத்தில் திரும்பாமலேயே பேரைச் சொன்னார். அடுத்த கேள்வி எதுவும் கேட்கவில்லை. குழாய்ச் சத்தம்தான் கேட்டது.

நான் வண்டியிலிருந்து குதித்து ஓடுவதற்குள் அவரைச் சுற்றி நின்று மிதித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் சாக்கைப் பிடித்து உதறினான். கொடி மண்ணில் விழுந்தது. "கறிடா. மாட்டை வழியிலியே அறுத்திருக்கான்டா" என்றான்.

"இளங்கொடிங்க அது. இப்பத்தான் மாடு கன்னு போட்டுச்சு. வண்டில பாருங்க, கன்னு இன்னும் ஈரமா கீது. காகிதம் கீது, டாக்டர் எழுதினது கீது" என்று நான் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன்.

அதில் ஒருத்தன் நின்றான். என் பெரிய பிள்ளை வயசு இருக்கும். காலில் கறுப்புக் கயிறு. மண்ணில் கிடந்ததைக் குனிந்து பார்த்தான். ஜவ்வு மாதிரி தோலும், அதில் ஒட்டிக்கொண்டிருக்கிற சிவப்புக் கொட்டைகளும், சுற்றியிருந்த வைக்கோலும். நிமிர்ந்து மரத்தைப் பார்த்தான். பாதி கட்டிய கயிறு கிளையில் ஆடிக்கொண்டிருந்தது. அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் வீட்டிலும் மாடு இருந்திருக்கும், அவன் அப்பனும் மரத்தில் கட்டியிருப்பான். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"டேய், இது..." என்று ஆரம்பித்தான்.

"இன்னாடா?" என்றான் குழாய் வைத்திருந்தவன்.

"ஒண்ணுமில்ல."

அதற்கப்புறம் எல்லாரையும்விட அவன்தான் அதிகமாக அடித்தான். வண்டியில் ஏறி, மாட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தான். அந்தக் கயிற்றின் முனையில் இரும்பு வளையம் உண்டு. அதைச் சுழற்றிச் சுழற்றி அடித்தான். மூன்றாவது அடியோ நாலாவது அடியோ, வளையம் பாயின் கண்ணில் இறங்கியது. அவர் கத்தவில்லை. மூச்சை மட்டும் உள்ளே இழுத்தார்.

நான் அவர் மேல் விழுந்து மறைத்தேன். என் முதுகில் விழுந்த அடியின் தழும்பு இப்போதும் மழைக்காலத்தில் இழுக்கிறது. முடியைப் பிடித்து என்னைத் தூக்கினான் குழாய்க்காரன். என் நெற்றியைப் பார்த்தான். "குங்குமத்தை இவ்ளோ பெருசா வெச்சுக்கினு இவங்கூட வண்டில வரியே, உனக்கு மானம் இல்ல?"

"இந்த மாட்டைக் கும்புட்டுட்டுத்தான்டா நான் சோறு துன்றேன். நீ என்னிக்காச்சும் ஒரு மாட்டுக்குச் சாணி அள்ளியிருக்கியா?" என்றேன். அறைந்தான். பல் ஒன்று ஆடியது. அப்படியே என்னைத் தள்ளிவிட்டு மறுபடியும் பாயிடம் போனான். நான் அம்மனைக் கூப்பிட்டேன். எத்தனை தடவை கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. சிலது வேகத்தைக் குறைத்தது, பார்த்துவிட்டுப் போயிற்று.

போலீஸ் வந்தபோது அவர்களே வழிவிட்டு நின்று, "சார், கறி சார், சாக்கோட பிடிச்சோம் சார்" என்று சொன்னார்கள். பாயைத் தூக்கி ஜீப்பில் போட்டார்கள். என்னையும் ஏற்றினார்கள். மாட்டை ஒரு வண்டியில், கன்றை இன்னொரு வண்டியில். பிரித்து ஏற்றாதீர்கள் என்று சொன்னேன். யார் காதிலும் விழவில்லை.

ஸ்டேஷனில் பாயைச் சுவரோரம் தரையில் கிடத்தினார்கள். கண் இருந்த இடத்தில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். முழங்கை தப்பான பக்கம் மடங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்று ஒவ்வொருத்தர் காலாகப் போய் விழுந்தேன்.

"அக்யூஸ்டும்மா அவரு. எழுதி முடிக்காம அனுப்ப முடியாது" என்றார் எழுதிக்கொண்டிருந்தவர். பிறகு காகிதத்தைப் புரட்டினார். "இதுல மாடு ஒண்ணுன்னு கீது. வண்டில ரெண்டு இருந்துச்சு. அந்தக் கன்னுக்கு சர்ட்டிபிகேட் எங்க?"

"வழியில பொறந்துச்சுங்க."

"அப்போ நிறைமாசச் செனையை ஏத்தியிருக்கீங்க. அது ஒரு கேஸ். ரெண்டாவது உருப்படிக்குப் பேப்பர் இல்ல, அது ஒரு கேஸ். இந்தச் சாக்குல இருக்குறது கறின்னு ஆச்சுன்னா..." அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அதுதான் பெரிய கேஸ். அவரு வெளிய வரவே மாட்டாரு."

மாட்டு டாக்டருக்குச் சொல்லியனுப்பியிருந்தார்கள். அவர் வந்து பார்த்துச் சொல்லும்வரை ஒன்றும் செய்ய முடியாதாம். நாற்றம் தாங்காமல் சாக்கை எடுத்து வெளியே வாசலில் போட்டுவிட்டார்கள்.

பாய் உதட்டை அசைத்தார். நான் குனிந்து காதை வைத்தேன்.

"யம்மா, கொடியை நாய் துன்னப் போவுது. போய்ப் பாரு."

கண் போய்க் கிடக்கிற மனுஷன் என் மாட்டுக்குப் பால் வற்றிவிடுமே என்று யோசித்தாரா, இல்லை, அந்தச் சாக்கு போனால் தன் உயிரும் அதோடு போய்விடும் என்று யோசித்தாரா, எனக்குத் தெரியாது. இன்றுவரை கேட்கவில்லை. நான் வெளியே ஓடினேன். நாய்கள் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தன. ஒன்று சாக்கின் வாயைக் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தது.

வாசலில் கிடந்த கட்டையை எடுத்தேன். பசித்த வாயில்லா ஜீவனை நான் அதுவரை விரட்டியதுகூட இல்லை. கோயிலில் கொடுத்த சோற்றை நாய்க்கும் ஒரு பிடி வைத்துவிட்டுத்தான் தின்பேன். அன்று அந்த நாயின் இடுப்பில் அடித்தேன். அது ஊளையிட்டு விழுந்தது. விழுந்ததை மறுபடியும் அடித்தேன். பின்னங்காலை இழுத்துக்கொண்டு போயிற்று. எனக்கு இரக்கமே வரவில்லை. சாக்கின் மேல் காலை வைத்து, கட்டையோடு நின்றேன். மற்ற நாய்கள் சுற்றிச் சுற்றி வந்தன. ஸ்டேஷன் பின்பக்கம் கட்டியிருந்த மாடு கன்றுக்காகக் கத்துகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. வெயில் என் நிழலை ஸ்டேஷன் சுவரில் ஏற்றுகிற வரைக்கும் நான் அங்கேயே நின்றேன்.

டாக்டர் வந்தார். சந்தையில் பார்த்தவர் இல்லை, வேறொருத்தர். சாக்கின் வாயைக் குச்சியால் விலக்கிப் பார்த்தார். குனியக்கூட இல்லை.

"இளங்கொடி. எவன்யா இதைக் கறின்னு சொன்னது?"

எழுதுகிறவர் உள்ளே போய், "சரி, அந்த செக்‌ஷனை எடுத்துடு. மத்த ரெண்டும் இருக்கட்டும்" என்று சொன்னது காதில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸ் வந்தது. கொடியை மரத்தில் கட்டக் கொடுங்கள் என்று கேட்டேன். எவிடன்ஸ் என்று சொல்லி உள்ளே கொண்டுபோனார்கள்.

கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. கை கூடியது, ஆனால் கோணலாக. விரல் மடங்காது. லாரி ஓட்ட முடியாது. மாடும் கன்றும் கோர்ட்டு சொல்லி ஒரு கோசாலையில் இருந்தன. அபராதம் கட்டி, அலைந்து திரிந்து, மாட்டை மீட்டு வந்தபோது மடி கட்டிப்போய் ஒரு காம்பு செத்திருந்தது. கன்று விலா எலும்பு தெரிய வந்தது. அடித்தவர்களைப் பற்றிய காகிதத்தில் 'அடையாளம் தெரியாத நபர்கள்' என்று எழுதியிருக்கிறதாம். ஒருத்தன் முகத்தை நான் கோயில் கூட்டத்தில் பார்த்தாலும் அடையாளம் சொல்வேன் என்றேன். சொல்லியனுப்புகிறோம் என்றார்கள்.

ராயபுரத்துக்கு அவரைப் பார்க்கப் போனேன். அவர் வீட்டம்மா கதவைத் திறந்தாள். உள்ளே கூப்பிட்டாள், டீ கொடுத்தாள். போகும்போது வாசல்வரை வந்து, "கோச்சுக்காதக்கா. இனிமே மாட்டு விஷயமா இந்த வூட்டுக்கு வராதே" என்றாள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. போகவும் இல்லை.

இந்த வருஷம் அதே கறுப்பு மாடு எங்கள் கொட்டகையில் ரெண்டாவது கன்று போட்டது. கொடி விழுந்தது. சாக்கில் கட்டினேன். எங்கள் வீட்டுக்காரர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார்.

"எதுக்கு?"

"குழி தோண்டிப் பொதைச்சுடலாம். ரத்தச் சாக்கைத் தூக்கிக்கினு தெருவுல போறதா? ஊர் கெட்ட கேட்டுக்கு."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அவர் முதல் குத்து குத்துகிற நேரம் வாசலில் ஒரு குரல்.

"கொடி எங்கம்மா?"

பாய். பஸ் பிடித்து வந்திருந்தார். எங்கள் பால்காரப் பையன் ராயபுரத்தில் யாரிடமோ சொல்லி, அது அவர் காதுக்குப் போயிருக்கிறது. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். தாடி வெளுத்திருந்தது.

"வூட்ல சொல்லிட்டு வந்தீங்களா?"

"டீ குடிச்சுட்டு வரேன்னு சொன்னேன். டீயும் குடிக்கணும், பொய்யாப் பூடும்." சாக்கைத் தூக்கி நல்ல தோளில் போட்டுக்கொண்டார். எங்கள் வீட்டுக்காரர் கடப்பாரையைச் சாத்திவிட்டுப் பின்னால் வந்தார்.

ஆலமரம் கால்வாய்க் கரையில் இருக்கிறது. அதற்கு மெயின் ரோடு வழியாகத்தான் போக வேண்டும். நான் முன்னால் நடந்தேன். நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டேன். கையில் புல்லறுக்கிற அரிவாள். அன்று காலையில்தான் சாணை பிடித்தது.

லாரிகள் நிற்கிற இடத்து டீக்கடையில் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். நம் ஊர் ஆட்கள் இல்லை. சாக்கிலிருந்து ரத்தம் சொட்டி ரோட்டில் கோடு போட்டுக்கொண்டு வந்தது. ஒருத்தன் கோட்டைப் பார்த்தான், பாயைப் பார்த்தான், எழுந்து வந்து வழியில் நின்றான்.

"சாக்குல இன்னாது?"

பாய் நின்றுவிட்டார். அவர் மூச்சு மாறுவது பின்னால் எனக்குக் கேட்டது. அன்றைக்கு உள்ளே இழுத்தாரே, அதே மூச்சு.

"மாட்டோட இளங்கொடி. மரத்துல கட்டப் போறோம். வழியை விடு."

அவன் என் முகத்தைப் பார்த்தான். அரிவாளைப் பார்த்தான். அவன் கை இடுப்புப் பக்கம் இருந்தது. அந்தக் கை சாக்குப் பக்கம் நீண்டிருந்தால் மணிக்கட்டில் போட்டிருப்பேன். எந்த இடத்தில் போட வேண்டும் என்று கண் அளந்துவிட்டது. விழுந்தபிறகும் போட்டிருப்பேன். இதை அம்மன் சந்நிதியிலும் நின்று சொன்னேன், மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை.

அவன் ஒதுங்கினான். "சும்மாதான் கேட்டேன்க்கா" என்றான்.

எங்கள் வீட்டுக்காரர் மரத்தில் ஏறிச் சாக்கைத் தூக்கிப் பிடித்தார். முடிச்சை நான்தான் போடுவேன் என்றார் பாய். விழுதில் ஏறி நின்று, ஒரு கையால் கயிற்றைச் சுற்றி, முனையைப் பல்லில் கடித்து இழுத்து இறுக்கினார். நேரம் எடுத்தது. நான் மரத்துக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்தபடியே நின்றேன்.

இறங்கியதும் தோளைத் தொட்டுப் பார்த்தார். சட்டையில் ரத்தம் உள்ளங்கை அகலத்துக்கு ஊறியிருந்தது.

"இதை அலசிக் குடும்மா. இப்பிடியே போனா அவ என்னைக் கொன்னுடுவா."

வீட்டுக்கு வந்து குழாயடியில் சட்டையைத் துவைத்தேன். அவர் எங்கள் வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டு, கன்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தார். முதல் தண்ணியில் கறை போகவில்லை. உப்பைப் போட்டுத் தேய்த்தேன். தேய்க்கிறபோதும் அரிவாளை எட்டுகிற இடத்தில்தான் வைத்திருந்தேன்.